வேற்றுக்கிரகத்தில் ஆள் இருந்தால் யாருக்குச் சிக்கல்?

டீயை ஆற்றிக்கொண்டே கேளுங்கள். வேற்றுக்கிரகத்தில் உயிர் இருப்பது உறுதியானால் மதங்களின் கதை முடிந்தது என்று ஒரு கட்சி. அதுவும் அவன் படைப்புதானே என்று எதிர்க்கட்சி. கிடைத்தது கிருமியா, நல்லது கெட்டது தெரிந்த ஜீவனா என்று இரண்டு பேருமே கேட்பதில்லை.

கிருமி என்றால் எந்த வேதமும் அசையாது. கிருமியைப் பற்றி எந்த வேதமும் வாக்குக் கொடுக்கவில்லை. நாத்திகருக்குத்தான் கொஞ்சம் லாபம். உயிர் தோன்ற அற்புதம் வேண்டாம், ரசாயனம் கூடிவந்தால் போதும் என்ற அவர்கள் வாதம் வலுக்கும். ஆனால் அந்த உயிர் அங்கேயே தனியாகத் தோன்றியதாக இருக்க வேண்டும். செவ்வாயிலிருந்து தெறித்த கற்கள் பூமியில் விழுந்திருக்கின்றன. 1984இல் அண்டார்டிகாவில் கிடைத்த ‘ஏஎல்எச் 84001’ அப்படி ஒன்று. அதில் உயிரின் தடயம் இருக்கலாம் என்று 1996இல் நாசா விஞ்ஞானிகள் அறிவிக்க, ஜனாதிபதி கிளின்டனே அதைப் பற்றிப் பேசினார். பிறகு பெரும்பாலோர் அதை ஏற்கவில்லை. அது கிடக்கட்டும், கல் வந்த வழியில் கிருமியும் வரலாம் அல்லவா? அப்படி வந்திருந்தால் செவ்வாய்க் கிருமி நமக்குப் பங்காளி. தனித் தோற்றத்துக்கு அதைச் சாட்சியாகக் கூப்பிட முடியாது.

அறிவுள்ள ஜீவன் என்றால் பேச்சே வேறு. அப்போதும் எல்லா மதத்துக்கும் ஒரே நெருக்கடி இல்லை. நம் புராணங்களில் ஈரேழு பதினான்கு லோகம். மாணிக்கவாசகரின் திருவண்டப்பகுதியிலோ அண்டங்கள் கோடிக்கணக்கில். குர்ஆனும் இறைவனை அகிலங்களின் இறைவன் என்றுதான் போற்றத் தொடங்குகிறது. கிறிஸ்தவத்துக்குத்தான் கணக்கு இடிக்கும். கடவுள் மனிதனாகப் பிறந்து சிலுவையில் இறந்தது ஒரே தடவை, இந்தப் பூமியில். அப்படியானால் மற்ற உலகத்தார் கதி? ஒவ்வோர் உலகமாகப் போய்ச் செத்துக்கொண்டே இருப்பாரா என்று 1794இல் தாமஸ் பெய்ன் நக்கலடித்தார்.

நக்கல் கூர்மையானதுதான், ஆனால் திருச்சபைக்கு இந்த யோசனை புதிதல்ல. கடவுளால் பல உலகங்களைப் படைக்க முடியாது என்று போதிப்பதையே 1277இல் பாரிஸ் ஆயர் கண்டித்தார். மற்ற விண்மீன்களிலும் குடிகள் இருக்கலாம் என்று 1440இல் எழுதிய கூசா நகர நிக்கோலஸ், பின்னாளில் கர்தினாலே ஆனார். பல உலகங்கள் உண்டு என்ற ப்ரூனோவை 1600இல் எரித்தார்களே என்பீர்கள். எரித்தார்கள், கொடுமைதான்; ஆனால் கிறிஸ்துவின் தெய்வீகத்தை மறுத்தது முதலிய குற்றச்சாட்டுகளும் அவர்மேல் இருந்தன. 2008இல் வாடிகன் வானாய்வகத் தலைவர் ஹோசே காப்ரியல் ஃபூனெஸ், வேற்றுக்கிரகவாசியையும் சகோதரனாகப் பார்க்கலாம் என்றே சொல்லிவிட்டார்.

என்னைக் கேட்டால், ஆள் வந்தாலும் வராவிட்டாலும் இரு கட்சிக்கும் வாதம் கையிருப்பில் இருக்கிறது. அண்டம் காலியா? மனிதன் தனிச்சிறப்பு என்பார் ஆத்திகர். வெறும் தற்செயல் என்பார் நாத்திகர். நிரம்பி வழிகிறதா? அவன் பெருமை என்பார் இவர். நமக்கென்ன தனி மதிப்பு என்பார் அவர்.

அமெரிக்க இறையியலாளர் டெட் பீட்டர்ஸ் இதைப் பற்றி ஒரு கருத்துக்கணிப்பே நடத்தினார். தங்கள் நம்பிக்கை ஆட்டம் காணாது என்றே விசுவாசிகளில் பெரும்பாலோர் சொன்னார்கள். மதங்கள் ஆட்டம் காணும் என்று அதிகம் எதிர்பார்த்தவர்கள், மதம் இல்லாதவர்கள்.