கணக்கு நம்முடையது, சாவி யாரிடம்?

இந்தூர்க் கிளை ஒன்றில் நாம் பணியாற்றிய நாட்களில், துணி மொத்த வியாபாரி ஒருவர் தமது ரொக்கக் கடன் வரம்பைப் புதுப்பிக்க வந்தார். இருப்புப் பட்டியல் அவர் கையில் இருந்தது. எந்தக் கடைக்காரர் எவ்வளவு பாக்கி, எத்தனை நாட்களாகப் பாக்கி என்ற விவரம் மட்டும் இல்லை. உறவினர் ஒருவர் பல ஆண்டுகளுக்கு முன் அமைத்துக் கொடுத்த தரவுத்தளத்தில் அது இருந்தது. பழைய கணினி பழுதாகிவிட்டது. கோப்பு பத்திரமாக இருந்தும், புதிய கணினியில் அதைத் திறக்கும் மென்பொருள் இல்லை. அமைத்தவரோ வெளிநாட்டில். பழைய பில்களைப் புரட்டி அப்பட்டியலை மீண்டும் எழுதி முடிக்க அவருக்கு மூன்று வாரங்கள் ஆயின. அதுவரை புதுப்பித்தலும் நின்றது.

சிறுதொழில் புரிவோரும் சங்கப் பொறுப்பாளர்களும் நம்மிடம் அடிக்கடி கேட்பதுண்டு: "பணம் கொடுத்து வாங்கும் மென்பொருள் நல்லதா, இலவசமாகக் கிடைப்பது போதுமா?" இந்த அனுபவத்தை மனத்தில் வைத்தே இதற்கு விடை காண வேண்டும்.

முதலில், தரவுத்தளம் தேவையா என்று பார்ப்போம். ஒரே பட்டியல் என்றால் எக்செல் போன்ற விரிதாளே போதும். ஒரே வாடிக்கையாளரின் பெயர் பில்லிலும் ரசீதிலும் பாக்கிப் பட்டியலிலும் திரும்பத் திரும்ப வருமாயின், தரவுத்தளம் உதவும். பெயரையும் முகவரியையும் அது ஓரிடத்தில் வைத்து, மற்ற அட்டவணைகளை அதனுடன் இணைக்கிறது. முகவரி மாறினால் ஒருமுறை திருத்தினால் போதும்.

வணிக மென்பொருள்களில் பலரும் அறிந்தது மைக்ரோசாஃப்ட் ஆக்சஸ். 1992இல் வெளிவந்த இது, படிவங்களையும் அறிக்கைகளையும் எளிதாக அமைக்க உதவுகிறது. ஒரு கோப்பு 2 ஜிகாபைட்டைத் தாண்ட இயலாது. சிறு வணிகத்துக்கு அதுவே தாராளம். ஆனால் இது விண்டோஸ் கணினியில் மட்டுமே இயங்கும். ஆபீஸ் தொகுப்பின் எல்லாப் பதிப்புகளிலும் இது இடம்பெறுவதில்லை. 'ஹோம் அண்ட் ஸ்டூடன்ட்' பதிப்பில் இல்லை. வாங்குமுன் கேட்டறிவது நலம். ஒருவர் அமைத்த தரவுத்தளத்தை மற்றக் கணினிகளில் பயன்படுத்த மட்டும், 'ஆக்சஸ் ரன்டைம்' இலவசமாகக் கிடைக்கிறது. இதை அறிந்தால் உரிமச் செலவு குறையும்.

திறமூல மென்பொருள்களில் லிப்ரே ஆபீஸ் தொகுப்பின் 'பேஸ்' குறிப்பிடத்தக்கது. 2010இல் உருவான டாக்குமென்ட் ஃபவுண்டேஷன் இதனைப் பேணி வருகிறது. கட்டணம் இல்லை, விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் இயங்கும், தமிழ் இடைமுகமும் உண்டு. குறைகளும் உள்ளன. பேஸின் வழக்கமான உள்தரவுத்தளத்துக்குக் கணினியில் ஜாவா நிறுவப்பட்டிருக்க வேண்டும். சேமிக்குமுன் மின்தடை ஏற்பட்டால் பதிவுகளை இழக்க நேரிடலாம். எனவே அடிக்கடி சேமிக்க வேண்டும். ஆக்சஸில் அமைத்த படிவங்களும் அறிக்கைகளும் இதற்குள் அப்படியே வந்துவிடா. கற்றுக்கொள்ளும் நேரத்தையும் செலவாகக் கணக்கிடுவதே முறை.

ஆயினும் விலையைவிடப் பெரியது ஒன்றுண்டு. சரக்கு மற்றும் சேவை வரிச் சட்டப்படி, ஆண்டு அறிக்கை தாக்கல் செய்வதற்கான கடைசி நாளிலிருந்து 72 மாதங்கள் வரை கணக்குகளைப் பாதுகாக்க வேண்டும். அதற்குள் கணினி மாறலாம், மென்பொருள் மாறலாம், அமைத்துக் கொடுத்தவர் ஊரைவிட்டே போகலாம். அப்போதும் கணக்கு நம் கைக்கு வருமா என்பதே உண்மையான கேள்வி.

இதைச் சோதிக்க அரை மணி நேரம் போதும். பத்துப் பதிவுகளை இட்டு, அவற்றைச் சி.எஸ்.வி. கோப்பாக வெளியே எடுங்கள். ஆக்சஸில் இதற்கு ஏற்றுமதி வசதி உண்டு. பேஸில் அட்டவணையை 'கால்க்' விரிதாளுக்கு நகலெடுத்துச் சேமிக்கலாம். எழுத்துக் குறியாக்கமாக யு.டி.எஃப்.-8 என்பதைத் தேர்ந்தெடுங்கள். தவறினால் தமிழ்ப் பெயர்கள் கேள்விக்குறிகளாக மாறிவிடக்கூடும். அக்கோப்பை வேறொரு கணினியில் திறந்து பாருங்கள். எல்லாம் சரியாகத் தெரிந்தால், அந்த மென்பொருளை நம்பி இறங்கலாம்.

விண்டோஸ் கணினியும் உரிமமும் விவரமறிந்த ஆளும் இருந்தால் ஆக்சஸ் பொருந்தும். புதிதாகத் தொடங்குவோர், செலவைத் தவிர்க்க எண்ணுவோர், லினக்ஸ் வைத்திருப்போர் ஆகியோருக்குப் பேஸ் போதுமானது. எதைத் தேர்ந்தாலும், மாதக் கடைசியில் கணக்கு முடிக்கும்போது ஒரு சி.எஸ்.வி. நகல் எடுத்து, கடைக்கு வெளியே ஓரிடத்தில் வையுங்கள். அட்டவணைகளின் பெயர்களையும் அமைப்பையும் ஒரு தாளில் எழுதி வையுங்கள். வங்கிக் கடவுச்சொல்லையும் இரகசிய எண்ணையும் மட்டும் எந்தத் தரவுத்தளத்திலும் பதிய வேண்டாம்.

அந்த வியாபாரி அடுத்த ஆண்டு வந்தபோது, பாக்கிப் பட்டியலின் அச்சுப் பிரதியை முதலில் மேசைமேல் வைத்தார். எந்த மென்பொருளில் எடுத்தது என்று நாம் கேட்கவில்லை. கேட்க வேண்டிய தேவையும் எழவில்லை.