நகரும் விமானத்துக்குப் பின்னால் நிற்காதீர்கள்

சென்னையின் ஊரூர் ஒல்காட் குப்பத்துக் கரையில் நின்று வடக்கே பார்த்தால், கடல் மேல் தாழ வந்து நகருக்குள் இறங்கும் விமானங்கள் தெரியும். அவை போய்ச் சேரும் மீனம்பாக்கம் விமான நிலையத்துக்கும் இந்தக் கரைக்கும் ஓர் உறவு உண்டு. உடைந்த பாலத்துக்குப் பக்கத்தில் கடலில் கலக்கும் இதே அடையாறுதான், அங்கே இரண்டாவது ஓடுபாதைக்கு அடியில் புகுந்து வருகிறது. விமானம் வானத்தில் இருக்கிற வரைக்கும்தான் ஆபத்து, சக்கரம் தரையில் பட்டுவிட்டால் கவலை இல்லை என்று பெரும்பாலோர் நினைக்கிறோம். பயணிகளுக்கு அது ஓரளவு சரி. ஆனால் விமானத்தைச் சுற்றி வேலை பார்க்கிறவர்களுக்கு, அது ஆமை வேகத்தில் கேட்டை விட்டு நகரும் அந்த ஒன்றிரண்டு நிமிடங்கள்தான் பொல்லாத நேரம்.

காரணம் எளிது. காரிலும் பேருந்திலும் எஞ்சின் சக்கரத்தைச் சுழற்றுகிறது. விமானத்தின் சக்கரத்துக்கு எஞ்சினோடு தொடர்பே கிடையாது. அது சும்மா உருளும், அவ்வளவுதான். நாலடி முன்னால் போக வேண்டும் என்றாலும் எஞ்சின் காற்றை வாரிப் பின்னால் எறிந்தாக வேண்டும். குப்பத்துப் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. ஃபைபர் படகில் மோட்டாரை இறக்கி விசையைக் கூட்டியதும், படகு கிளம்புகிற கணத்தில் பின்னால் தண்ணீர் பொங்கிக் கொந்தளிக்கும். ஓட ஆரம்பித்த பிறகு அவ்வளவு இருக்காது. விமானத்திலும் அதே கதைதான், தண்ணீருக்குப் பதில் காற்று.

ஆட்கள், பெட்டிகள், எரிபொருள் எல்லாம் சேர்ந்து ஓர் ஏ320 விமானம் 70 டன்னுக்கு மேல் இருக்கும். நின்ற இடத்திலிருந்து அதை அசைக்க விமானி விசையைக் கொஞ்சம் கூட்ட வேண்டும். உருளத் தொடங்கியதும் குறைத்துவிடலாம். அதற்குப் பிறகு எஞ்சின் மந்தமாக ஓடினாலே விமானம் நகர்ந்துகொண்டிருக்கும். கூட்டுகிற அந்தச் சில நொடிகளில்தான் வம்பு. அதிலும் விமானம் திரும்பிக்கொண்டே கிளம்பினால், வால் சுற்றிவர, காற்றும் கூடவே சுற்றிவந்து பக்கத்து நிறுத்துமிடத்தில் நிற்கிறவர்கள் மேல் அடிக்கும். அவர்களோ வேறொரு விமானத்துக்குப் பெட்டி ஏற்றிக்கொண்டிருப்பார்கள்.

எவ்வளவு காற்று? மணிக்கு 56 கி.மீ.க்கு மேல் போனால் ஆளுக்கும் வண்டிக்கும் ஆபத்து என்பது விமானத் துறையில் பரவலாக வைத்திருக்கும் கணக்கு. போயிங் 737 ரக விமானத்தின் எஞ்சின் மந்தமாக ஓடும்போதே பின்னால் ஏறக்குறைய 30 மீட்டருக்கு யாரும் போகக் கூடாது. விசையைக் கூட்டக் கூட்ட அந்த எல்லை நீளும். மேலெழும்பும் விசையில் பல நூறு மீட்டரைத் தொடும். 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் சென்னையில் மணிக்கு 100 கி.மீ.க்கு மேல் வீசியபோது அடையாறு, பெசன்ட் நகர் மரங்கள் என்ன பாடுபட்டன என்று பார்த்தவர்கள், அதே வேகம் ஒரு விமானத்தின் வாலுக்குப் பின்னால் நாள் முழுக்க வந்து வந்து போகிறது என்று வைத்துக்கொள்ளலாம். காலியான சாமான் பெட்டி, டிராலி, பிளாஸ்டிக் கூம்பு, ஏணி, தரையில் கிடக்கும் சிறு கல் எதுவும் அதற்குக் கனம் இல்லை.

வாடை, கச்சான், கொண்டல் என்று காற்றுக்குப் பெயர் சொல்லி, கடலையும் மேகத்தையும் பார்த்து அது எப்போது திரும்பும் என்று கணிக்கிறவர்கள் குப்பத்தில் உண்டு. விமான நிலையத்தின் கான்கிரீட் தளத்தில் அந்த வித்தை பலிக்காது. இந்தக் காற்று முன்னறிவிப்பு தராது, கண்ணுக்கும் தெரியாது. சத்தத்தை வைத்துக் கண்டுபிடிக்கலாம் என்றால், சுற்றிலும் சத்தம். வேலை செய்கிறவர்கள் காதை அடைத்திருப்பார்கள்.

பேருந்துக்குள் இருந்தால் தப்பித்தோம் என்றும் சொல்ல முடியாது. 2017 ஜூலையில் டெல்லி விமான நிலையத்தில், பயணிகளை விமானத்துக்கு ஏற்றிப் போன பேருந்தின் ஜன்னல் கண்ணாடி, வேறொரு நிறுவனத்தின் விமானம் வீசிய காற்றில் உடைந்து சிலர் காயமடைந்தார்கள். அதே மாதம் கரீபியன் தீவான செயின்ட் மார்ட்டினில் ஓடுபாதையை ஒட்டிய கடற்கரையில், விமானம் கிளம்பும்போது வேலியைப் பிடித்துக்கொண்டு வேடிக்கை பார்த்த 57 வயது நியூசிலாந்துப் பெண் தூக்கி எறியப்பட்டு இறந்தார். எச்சரிக்கைப் பலகை அங்கேயே இருந்தது. பலகை இருக்கிற இடத்தில்தான் கூட்டமும் கூடும், நம் ஊர் மாதிரியே.

பின்னால் எறிகிற காற்றை எஞ்சின் முன்னாலிருந்துதானே இழுக்க வேண்டும்? அந்தப் பக்கமும் சாவுதான். 2015 டிசம்பர் 16 இரவு மும்பையில், ஹைதராபாத் கிளம்பவிருந்த ஏர் இந்தியா ஏ319 விமானத்தை கேட்டிலிருந்து வெளியேற்றும் வேலையில், தரைப் பணியாளர் ஒருவர் எஞ்சினுக்குள் இழுக்கப்பட்டு உயிரிழந்தார்.

இதனால்தான் விமானம் தன் விசையால் பின்னுக்குப் போவதில்லை; இழுவை வண்டி வைத்துத் தள்ளுகிறார்கள். அமெரிக்காவில் ஒரு காலத்தில் எஞ்சின் விசையைத் திருப்பியே பின்னுக்குப் போனதும் உண்டு. எரிபொருள் செலவு, சத்தம், பறக்கும் குப்பை எல்லாம் கட்டுப்படியாகாமல் விட்டுவிட்டார்கள். விமானத்தின் முதுகிலும் வயிற்றிலும் மின்னும் சிவப்பு விளக்கைப் பார்த்திருப்பீர்கள். அது எரிந்தால் எஞ்சின் ஓடுகிறது, அல்லது ஓடப்போகிறது. அணைகிற வரை பெட்டி இறக்குகிறவர்கள் கிட்டே வர மாட்டார்கள். ‘விமானம்தான் நின்றுவிட்டதே, இன்னும் என்ன தாமதம்’ என்று நாம் உள்ளே எழுந்து நின்று பையை இழுக்கும்போது, கீழே அவர்கள் அந்த விளக்கைப் பார்த்தபடி நிற்கிறார்கள்.

பேருந்திலிருந்து இறங்கி ஏணி வரைக்கும் நடக்கும் சில அடிகளில், தரையில் போட்ட கோட்டை விட்டு விலகி இறக்கைக்குக் கீழே படம் எடுக்கப் போகாதீர்கள். குழந்தையின் கையை விடாதீர்கள். ஐப்பசி மழையில் குடை விரித்து நடந்தால் இறுக்கிப் பிடியுங்கள். சின்ன விமான நிலையங்களில் ஏடிஆர் மாதிரி விசிறி வைத்த விமானத்துக்கு நடந்தே போகிறவர்களுக்கு இன்னொன்று: வேகமாகச் சுழலும் விசிறி கண்ணுக்குச் சரியாகத் தெரியாது.

சில நேரம் விமானம் கேட்டுக்குக் கொஞ்ச தூரத்தில், பாதித் திருப்பத்தில் நின்றுவிடும். உள்ளே முணுமுணுப்பு கிளம்பும். விசையைக் கூட்டினால் போய்விடலாம் என்பது விமானிக்கும் தெரியும். பின்னால் ஆட்களும் வண்டிகளும் இருந்தால் அவர் கூட்டக் கூடாது. இழுவை வண்டியை வரச் சொல்லிவிட்டுக் காத்திருப்பார். அது வந்து மாட்டி இழுக்க நேரம் ஆகத்தான் செய்யும்.