உப்பு நகரத்தில் உறைந்த கதலி

முத்துக்கும் உப்புக்கும் பேர்பெற்ற தூத்துக்குடியை நினைக்கிறவர்கள், அதன் தென்புறத்தே தாமிரபரணி கடலோடு கலக்குமுன் ஸ்ரீவைகுண்டம் அணையின் வடகாலிலும் தென்காலிலும் பாய்ந்து வளர்க்கின்ற வாழைத் தோட்டங்களை அநேகமாக நினைப்பதில்லை. முத்துக்குளிப்பு 1961ஆம் வருஷத்தோடு நின்றுபோயிற்று. வாழையோ, 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டி ஆற்றங்கரையெல்லாம் வெள்ளக்காடானபோது அழிந்தும், மறுபடி கன்று ஊன்றப்பட்டு, ஏரல், ஆத்தூர், குரும்பூர்ப் பக்கங்களில் குலை தள்ளிக்கொண்டுதான் இருக்கிறது.

இத்தனை பாடுபட்டு விளைந்த பழம், கடலோரத்து உஷ்ணத்தில் ஒன்றுபோல் பழுத்து, இரண்டொரு நாளில் தோல் கறுத்து, குப்பைக்குப் போவதைக் காணும்போது மனம் பொறுப்பதில்லை. உண்மையில், கரும்புள்ளி விழுந்த அந்தப் பக்குவமே உறைய வைப்பதற்கு மிகவும் உத்தமமானது. காயில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்காக இருந்த மாவுச்சத்து, கனியும்போது சர்க்கரையாக மாறிவிடுகிறது; அந்தச் சர்க்கரை பழத்திலுள்ள நீர் முழுவதும் கல்லாக இறுகிவிடாதபடி தடுக்க, பெக்டின் என்னும் பசைப்பொருள் வழவழப்பைத் தருகிறது. ஆகவே பாலேடும் சீனியும் இன்றியே பழம் தானாக ஐஸ்கிரீம் ஆகிறது.

செய்முறை சுலபம். தோலை முதலிலேயே உரித்துவிட வேண்டும். உறைந்தபின் உரிப்பது பெரும்பாடு. வில்லைகளாக நறுக்கி, கறுக்காதிருக்கச் சிறிது எலுமிச்சைச் சாறு தடவி, தட்டில் ஒன்றையொன்று தொடாமல் பரப்பி, ஃபிரீசரில் ஐந்தாறு மணி நேரம் வைத்து எடுத்து, மிக்ஸியில் விட்டுவிட்டு அரைத்தால், முதலில் புட்டு மாவுபோல் உதிரும். அதைக் கண்டு தண்ணீர் விட்டுவிடக் கூடாது. பொறுமையாக வழித்துவிட்டு அரைக்க, சட்டென்று குழைந்து திரண்டுவிடும்.

ஃபிரீசர் இல்லாத வீட்டாருக்கும் வழியுண்டு. அதற்கு உதவுவது இவ்வூர் உப்பளத்துக் கல்லுப்பேதான். உடைத்த ஐஸ் மூன்று பங்குக்கு உப்பு ஒரு பங்கு கலந்தால், ஐஸ் வேகமாக உருகுகிறது. உருகுவதற்கு வேண்டிய வெப்பத்தைச் சுற்றிலுமிருந்து இழுத்துக்கொள்வதால், கலவை பூஜ்யத்துக்குக் கீழே இருபது டிகிரியை நெருங்கிவிடும். மசித்த பழத்தை மூடி இறுகிய தூக்குச்சட்டியில் இட்டு அதனுள் புதைத்து, இடையிடையே கிளறிவர வேண்டும். மீனுக்கென்று வார்க்கும் ஐஸ் பழத்தில் படலாகாது என்பதில் மட்டும் அதிக ஜாக்கிரதை தேவை.

ருசியைப் பொறுத்தவரை, அரைப்பதற்குக் கதலியும், குச்சியில் செருகி முழுதாக உறையவைக்க ஏத்தனுமே என் தேர்வு. உடன்குடிக் கருப்பட்டியைப் பாகாக்கி மேலே வார்த்து, வறுத்த கோவில்பட்டி நிலக்கடலையைப் பொடித்துத் தூவினால் வேறு அலங்காரம் வேண்டுவதில்லை. சாக்லேட்டைவிட இந்தச் சேர்க்கையே சிலாக்கியமானது. சீனி சேர்க்கவில்லை என்ற காரணத்தால் நீரிழிவுக்காரர்கள் அளவின்றி உண்ணலாம் என்று எண்ணிவிடலாகாது. பழத்தின் சர்க்கரையும் சர்க்கரையே.

கடைக்காரர் ஓரமாகத் தள்ளிவைத்திருக்கும் புள்ளி விழுந்த சீப்பை இனிமேல் தயங்காமல் வாங்கி வாருங்கள். வீட்டுக் குழந்தைகளுக்கு ஒருமுறை செய்து கொடுத்துப் பாருங்கள்.