ஆட்டத்தை அடக்கலாம், பாரத்தை ஏற்றாதீர்கள்

முப்பது, நாற்பது அடி நீளம்; பெரும்பாலும் ஐந்து டன்னைத் தாண்டும் எடை. உள்ளே படுக்கையறை, சமையலறை, குளியலறை, சிலவற்றில் துணி துவைக்கும் இயந்திரம்கூட இருக்கும். அமெரிக்காவிலும் கனடாவிலும் ஃபிப்த் வீல் ட்ரெய்லர் எனப்படும் இந்த வீட்டு வண்டியைப் பிக்கப் ட்ரக்கின் பின்தொட்டியில் பொருத்திய கொக்கியில் மாட்டி இழுத்துப் போவார்கள். தங்குமிடம் வந்ததும் ட்ரக்கைக் கழற்றிவிட்டால் ட்ரெய்லர் வீடாகிவிடும். முதல் இரவிலேயே ஒன்று தெரிந்துவிடும். ஒருவர் கட்டிலில் புரண்டால், மறுகோடியில் சமையல் மேடைமேல் வைத்த காபி தளும்புகிறது.

உடனே எல்லோரும் தேடுவது ஸ்டெபிலைசர் என்கிற முட்டுக்காலை. கடைக்காரரும் மறுக்காமல் எடுத்துத் தருவார். ஆனால் ஆட்டத்தில் மூன்று வகை உண்டு. இயல்பான ஆட்டம் ஒன்று. நாம் வண்டியைத் தப்பாக நிறுத்தியதால் வரும் ஆபத்தான ஆட்டம் இன்னொன்று. தயாரிப்பிலேயே இருக்கும் குறை காரணமாக வருவது மூன்றாவது. முதலாவதற்குத்தான் முட்டுக்கால் மருந்து. மூன்றாவதற்கு அதை வாங்கி மாட்டினால், உங்கள் செலவில் தயாரிப்பாளரின் குறையை மூடி மறைக்கிறீர்கள்.

ட்ரெய்லர் காற்றடித்த டயர்களின்மேல் நிற்கிறது. அதற்கு மேலே பட்டை பட்டையாக அடுக்கிய ஸ்பிரிங்குகள். சாலையின் குழிமேட்டை வாங்கிக்கொள்ள வைத்த இவை இரண்டும் வண்டி நின்ற பிறகும் சும்மா இருப்பதில்லை. நீங்கள் எடுத்து வைக்கும் ஒவ்வோர் அடிக்கும் அமுங்கி எழுகின்றன. முன்பின் ஆட்டத்தின் கதை வேறு. ட்ரக் விலகியதும், அதுவரை கொக்கியில் மாட்டும் கிங்பின் வழியாக அது சுமந்த பாரம் இரண்டு முன்கால்களுக்கு வந்துவிடுகிறது. மொத்த எடையில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு அது. 12,000 பவுண்டு வண்டியென்றால் 2,400 பவுண்டு, ஆயிரம் கிலோவுக்கும் மேல். அந்தக் கால்களோ குழாய்க்குள் குழாயாக நீளுபவை. மேலே ஃபிரேமில் பிடிப்பு, கீழே தரையில் வெறுமனே ஊன்றிய ஒரு தட்டு. நீட்ட நீட்ட லொடலொடப்பு கூடும். போதாக்குறைக்கு, படுக்கையறை இருக்கும் மூக்குப்பகுதி அந்தக் கால்களையும் தாண்டிப் பல அடி அந்தரத்தில் நிற்கிறது. கட்டிலில் புரள்வது கடைசி ஜன்னல் வரை கேட்பது இதனால்தான்.

ஆகவே முதல் வைத்தியத்துக்குக் காசே வேண்டாம். முன்கால்களைக் கொஞ்சமாக நீட்டுங்கள். மிச்ச உயரத்தைக் கனமான மரக்கட்டைகளை அகலமாக அடுக்கி ஈடுகட்டுங்கள். மழை பெய்து இளகிய மண்ணென்றால், கட்டைக்கு அடியில் இன்னும் அகலமான பலகை; இல்லாவிட்டால் ஒரு பக்கக் கால் ராத்திரியோடு ராத்திரியாகப் புதைந்து, காலையில் வண்டி சாய்ந்திருக்கும்.

வரிசை முக்கியம், ஏனென்றால் உயிர் போகிற தவறுகள் இங்கேதான் நடக்கின்றன. ட்ரக் மாட்டியிருக்கும்போதே ரசமட்டம் வைத்து இடம்வலம் பார்த்து, தாழ்ந்த பக்கத்து டயர்களைப் பலகைமேல் ஏற்றிவிட வேண்டும். அடுத்து எல்லாச் சக்கரங்களுக்கும் முன்னும் பின்னும் தடுப்புக்கட்டை. அதன் பிறகே கொக்கியைக் கழற்றுவது. ட்ரெய்லருக்கு ஹேண்ட் பிரேக் கிடையாது என்பது புதிதாக வாங்குபவர்கள் பலருக்குத் தெரிவதில்லை. அதன் மின்பிரேக் ட்ரக்கிலிருந்து கட்டளை வந்தால்தான் பிடிக்கும். கொக்கி அறுந்தால் பிடிப்பதற்கென்று இருக்கும் அவசர ஸ்விட்சோ பேட்டரியைத் தின்றுவிடும். அதை நம்பி வண்டியை நிறுத்தி வைக்க முடியாது. லேசான சரிவில் கட்டை வைக்காமல் கழற்றினால் ஐந்து டன் நகரும். கழற்றிய பிறகு முன்கால்களால் முன்பின் மட்டத்தைச் சரிசெய்து, கடைசியாகப் பின்னால் இருக்கும் ஸ்டெபிலைசர்களை இறக்க வேண்டும். அறைகளைப் பக்கவாட்டில் வெளியே தள்ளும் ஸ்லைடுகளை எந்தக் கட்டத்தில் திறப்பது என்பது வண்டிக்கு வண்டி மாறும். அதைக் கையேட்டில் பாருங்கள். மட்டம் பார்க்காமல் திறக்கக் கூடாது என்பது மட்டும் பொதுவிதி.

அந்தப் பின் ஸ்டெபிலைசரைப் பற்றித் தனியாகவே சொல்ல வேண்டும். கத்தரிபோல விரிந்து இறங்கும் மெல்லிய ஜாக் அது. தரையைத் தொட்ட பிறகு கொஞ்சம் இறுக்கிப் பிடித்தால் அதன் வேலை முடிந்தது. பார்ப்பதற்குக் கார் ஜாக் மாதிரி இருப்பதால், ‘இன்னும் நாலு சுற்றுச் சுற்றினால் இன்னும் உறுதி’ என்று தோன்றும். தோன்ற விடாதீர்கள். டயரின் பாரம் குறையும் அளவுக்கு ஏற்றினால் ஃபிரேமின் பின்முனை மேலே வளையும். இதற்கு முன் சத்தமில்லாமல் சாத்திய கதவு திடீரென்று நிலையில் உரசத் தொடங்கினால், நீங்கள் அளவைத் தாண்டிவிட்டீர்கள் என்று அர்த்தம். தானாக மட்டம் பார்க்கும் ஹைட்ராலிக் கால்கள் வண்டியைத் தூக்கும் வலுவுள்ளவைதான். அவற்றிலும் எல்லாச் சக்கரங்களும் அந்தரத்தில் நிற்கும்படி விடாதீர்கள். தரையைத் தொடாத சக்கரத்துக்கு எத்தனை தடுப்புக்கட்டை வைத்தும் பயனில்லை.

எந்த ஜாக்கையும் நம்பி வண்டிக்கு அடியில் படுக்காதீர்கள். மெக்கானிக்குகள் வைக்கும் ஸ்டாண்டு வேறு, இந்த முட்டுக்கால் வேறு.

இவ்வளவும் செய்த பிறகு மிஞ்சும் ஆட்டத்துக்குத்தான் கடைப் பொருள்கள். எக்ஸ்-சாக் என்பது ஒரே பக்கத்தின் இரண்டு டயர்களுக்கு நடுவே வைப்பது. நட்டைத் திருப்பத் திருப்ப இரண்டு தட்டுகளும் விரிந்து ரப்பரில் அழுந்துவது கண்ணுக்குத் தெரியும். சக்கரங்களின் சின்னச் சின்ன உருளல் அதோடு நின்றுவிடும். குளிர்ந்த விடியலில் டயர் காற்று இறங்கி அது தளர்ந்துபோகும், மறுபடி ஒரு முறை இறுக்க வேண்டும். தரையில் வைக்கும் தடுப்புக்கட்டைக்கு இது மாற்று ஆகாது. அடுத்தது, காலின் அடியிலிருந்து ஃபிரேமுக்குச் சாய்வாகப் போடும் குறுக்குக் கம்பிகள். கொட்டகைக்குச் சாய்கால் கொடுப்பதும் இதே கணக்குதான்: நாற்கரம் சாயும், முக்கோணம் சாயாது. என் பார்வையில் காசுக்கு அதிகம் பலன் தருபவை இவைதான். கிங்பின்னுக்கு அடியில் வைக்கும் மூன்றுகால் தாங்கி மூக்குப்பகுதியின் குதிப்பைக் குறைக்கும், ஆனால் அதையும் தூக்கும் அளவுக்கு இறுக்கினால் முன்கால்களின் பாரம் அதன்மேல் விழும். உங்கள் வண்டியின் கையேடு வேண்டாம் என்றால் வாங்காதீர்கள். ஸ்லைடுகளுக்கு அடியில் முட்டுக் கொடுப்பதைப் பெரும்பாலான தயாரிப்பாளர்கள் விரும்புவதில்லை. வண்டி கொஞ்சம் இறங்கினாலும் ஸ்லைடு மேலே தள்ளப்பட்டுச் சிக்கிக்கொள்ளும்.

காற்று விஷயத்தில் ஏமாற வேண்டாம். மேலே சொன்னவற்றில் எதுவும் சூறாவளியில் வண்டி கவிழாமல் காக்காது. எச்சரிக்கை வந்தால் ட்ரெய்லரை விட்டு இறங்கி உறுதியான கட்டடத்துக்குப் போவதுதான் வழி. பல மாதங்கள் ஒரே இடத்தில் இருப்பவர்கள் தரையில் நங்கூரம் அடித்துப் பட்டையால் கட்டுவதுண்டு. அதற்கு முன் தங்குமிட நிர்வாகத்தைக் கேளுங்கள். 811 என்ற எண்ணை அழைத்துத் தரைக்கடியில் போகும் மின்கம்பி, எரிவாயுக் குழாய்களைக் குறித்துக் காட்டச் சொல்வது அமெரிக்காவில் இலவசம். தங்குமிடத்தின் சொந்தக் கம்பிகளைப் பெரும்பாலும் அதில் குறிக்க மாட்டார்கள்; அவற்றை நிர்வாகத்திடம்தான் விசாரிக்க வேண்டும்.

இனி மூன்றாவது வகை. மட்டமும் சரி, கட்டையும் சரி, கம்பியும் போட்டாகிவிட்டது. அப்படியும் ஆடுகிறது, நாளுக்கு நாள் கூடுகிறது என்றால் ஃபிரேமைச் சந்தேகியுங்கள். முன்மூலைச் சுவரில் ஒட்டுப்பசை அறுந்து கோடு விழுவது, ஃபைபர் பலகை உப்புவது, கிங்பின் பெட்டிக்கு அருகே வெல்டிங்கில் வெடிப்பு ஆகியவை அறிகுறிகள். முன்கால்களில் பாரம் நிற்கும்போதும், ட்ரக் பாரத்தை வாங்கிய பிறகும் முன்சுவரின் அடி இடைவெளியை அளவுகோல் வைத்துப் படமெடுங்கள். இரண்டு படங்களிலும் இடைவெளி கண்ணுக்குத் தெரியும்படி மாறினால் வண்டியை இழுக்காமல் முதலில் டீலருக்கு எழுதுங்கள். போனில் சொல்வது போதாது. தேதியிட்டு எழுத்தில் வேண்டும். ஒவ்வொரு முறை பட்டறைக்கு விடும்போதும் உங்கள் புகாரை வேலைச் சீட்டில் எழுதச் சொல்லிப் பிரதி வாங்குங்கள். ‘குறை எதுவும் தென்படவில்லை’ என்று எழுதிக் கொடுத்தாலும் வாங்கிக்கொள்ளுங்கள். பிற்பாடு அந்தச் சீட்டுதான் பேசும்.

இங்கே வழக்கமாக நடக்கும் அலைக்கழிப்பு ஒன்று உண்டு. இந்த வண்டிகளில் பெரும்பகுதி இண்டியானா மாநிலத்தின் எல்கார்ட் வட்டாரத்தில் கட்டப்படுகிறது. சுவரைக் கட்டுபவர் ஒருவர், ஃபிரேம் கொடுப்பவர் இன்னொருவர், அச்சு வேறொருவர். ஒவ்வொருவரும் மற்றவரின் வாரன்டியைக் காட்டுவார்கள். வாங்கும் அன்றே எந்தப் பாகத்துக்கு யார் பொறுப்பு என்று டீலரிடம் எழுதி வாங்கிவிடுவது நல்லது. வாரன்டித் தாளில் இன்னொரு வரியையும் தேடுங்கள்: வண்டியை நிரந்தர வீடாகப் பயன்படுத்தினால் வாரன்டி செல்லாது என்று பல நிறுவனங்கள் போட்டிருக்கும். வாடகைக்குப் பயந்து ட்ரெய்லரில் குடியேறும் குடும்பங்கள் இந்த வரியைப் படிக்காமல் கையெழுத்துப் போட்டுவிடுகின்றன.

‘வெளிக்கடை ஸ்டெபிலைசர் மாட்டினீர்கள், வாரன்டி போச்சு’ என்று டீலர் சொன்னால் அப்படியே நம்பிவிடாதீர்கள். அமெரிக்காவில் 1975ஆம் ஆண்டின் மக்னூசன்-மாஸ் வாரன்டிச் சட்டம், தங்கள் நிறுவனப் பொருளையே பயன்படுத்த வேண்டும் என்று வாரன்டிக்கு நிபந்தனை போடுவதைப் பொதுவாகத் தடுக்கிறது. நீங்கள் மாட்டிய பொருளால்தான் சேதம் வந்தது என்றால் அந்தச் சேதத்துக்கு மட்டும் மறுக்கலாம். அதையும் அவர்கள்தான் காட்ட வேண்டும். வழக்கில் நீங்கள் வென்றால் வக்கீல் செலவை எதிர்த்தரப்பு கொடுக்கும்படி நீதிமன்றம் உத்தரவிடவும் அதே சட்டத்தில் இடமுண்டு. ஆனால் ஃபிரேமில் துளை போடுவது, வெல்டிங் வைப்பது போன்றவற்றுக்கு முன் தயாரிப்பாளரிடம் எழுத்தில் அனுமதி கேளுங்கள். பழியை உங்கள்மேல் திருப்ப அவர்களுக்குக் கிடைக்கும் முதல் காரணம் அந்தத் துளைதான்.

குறை பாதுகாப்பைத் தொடுவதாக இருந்தால், உதாரணமாகக் கால் மடங்குவதோ ஃபிரேம் வெடிப்பதோ என்றால், அமெரிக்க நெடுஞ்சாலைப் பாதுகாப்பு அமைப்பான என்ஹெச்டிஎஸ்ஏவிடம் இணையத்திலோ 888-327-4236 என்ற எண்ணிலோ புகார் செய்யலாம். ட்ரெய்லரும் அவர்கள் சட்டப்படி மோட்டார் வாகனமே. ஒரே மாதிரிப் புகார்கள் சேர்ந்தால் விசாரணையும் ரீகாலும் வரலாம். ரீகால் வந்தால், முதல் விற்பனையிலிருந்து 15 ஆண்டுகள் வரை தயாரிப்பாளர் அந்தப் பழுதை இலவசமாகச் சரிசெய்து தர வேண்டும். காபி தளும்புவதற்கு ரீகால் கிடையாது.

வாங்கிய வண்டியைத் திருப்பிக் கொடுக்கும் உரிமை மாநிலத்துக்கு மாநிலம் மாறுகிறது. புதுக் கார்களைக் காக்கும் ‘லெமன் சட்டம்’ பல மாநிலங்களில் இழுவை வண்டியைத் தொடுவதில்லை. டெக்சாஸ் தொடுகிறது: வாரன்டிக்குள் வரும் பெரிய குறையைப் பலமுறை சரிபார்க்க வாய்ப்புக் கொடுத்தும் தீராவிட்டால் அந்த மாநில மோட்டார் வாகனத் துறையிடம் முறையிடலாம். காலக்கெடு உண்டு, தள்ளிப்போடாதீர்கள். மூன்று நாளுக்குள் திருப்பிக் கொடுத்துவிடலாம் என்று சிலர் நம்பிக்கொண்டிருக்கிறார்கள். அமெரிக்க மத்திய அரசின் அந்த மூன்று நாள் விதி டீலரின் கடைக்கே போய் வாங்கியதற்குப் பொருந்தாது. ஆகவே பணம் கட்டுமுன், டீலரின் முற்றத்திலேயே வண்டியைக் கால்களில் நிறுத்தி, ட்ரக் இல்லாமல், ஒருவர் உள்ளே நடக்க இன்னொருவர் வெளியிலிருந்து பார்க்க வேண்டும்.

பழைய வண்டியென்றால் குனிந்து பின் ஸ்டெபிலைசர்களைப் பாருங்கள். கத்தரிக் கைகள் வளைந்தோ, அவற்றைப் பிடித்திருக்கும் ஃபிரேம் விளிம்பு மடங்கியோ இருந்தால் முந்தைய சொந்தக்காரர் அதைத் தூக்குவதற்குப் பயன்படுத்தியிருக்கிறார் என்று சந்தேகிக்கலாம். விலை பேசுவதற்கு முன் ஃபிரேமைச் சோதிக்க ஒரு தனி ஆய்வாளரைக் கூப்பிடுங்கள். 17 எழுத்து வண்டி எண்ணை என்ஹெச்டிஎஸ்ஏ இணையதளத்தில் போட்டு நிலுவையில் ரீகால் உண்டா என்றும் பாருங்கள். அந்த இலவசப் பழுதுபார்ப்பு உரிமை வண்டியோடு சேர்ந்து இரண்டாவது சொந்தக்காரருக்கும் வரும்.