பரண் மேல் தொட்டில்: பாலிஷா, பெயின்டா?

வீட்டில் மகளுக்கோ மருமகளுக்கோ வளைகாப்பு முடிந்ததுமே, பரண் மேல் கிடக்கும் மரத் தொட்டில் எல்லோருக்கும் ஞாபகம் வந்துவிடும். "மூணு தலைமுறை ஆடின தொட்டில், பேரனும் இதிலேதான் ஆடணும்" என்பார் தாத்தா. "அழுக்கா இருக்கே, ஒரு கோட் பெயின்ட் அடிச்சிடலாம்" என்பார் ஒருவர். "தேக்குக்குப் போய் பெயின்டா? நல்லா சுரண்டிட்டு பாலிஷ் போடுங்க" என்பார் இன்னொருவர்.

கொஞ்சம் பொறுங்கள். இரண்டில் எது என்று முடிவு செய்யும் முன் நான் கேட்கும் கேள்வி வேறு. அதன் மேல் இப்போது பூசியிருப்பது என்ன?

பழைய எனாமல் பெயின்ட்களில், அதிலும் பளிச்சென்ற மஞ்சள், சிவப்பு, பச்சையில், காரீயம் தாராளமாகச் சேர்த்தார்கள். நிறம் எடுப்பாக இருக்கும், சீக்கிரம் காயும் என்பதுதான் காரணம். வீட்டுப் பெயின்டில் பத்து லட்சம் பங்குக்கு 90 பங்குக்கு மேல் காரீயம் கூடாது என்று நம் நாட்டில் விதி வந்தது 2016-ல். நடைமுறைக்கு வந்தது 2017 நவம்பரில். அதற்கு முன் அடித்த பெயின்ட் என்றால் சந்தேகப்படுவதுதான் புத்திசாலித்தனம்.

சித்த மருத்துவத்தில் எந்த உலோகத்தையும் சுத்தி செய்யாமல் தொடக்கூடாது என்பது பாலபாடம். உலோகத்தின் நஞ்சு அப்படி. பெயின்டில் இருக்கும் காரீயத்துக்கு ஏது சுத்தி? பல் முளைக்கும் குழந்தை தொட்டில் விளிம்பைத்தான் கடிக்கும். உதிர்ந்த தூளில் கை வைக்கும். அந்தக் கை வாய்க்குப் போகும். வயிற்றுக்குள் போன காரீயத்தைப் பெரியவர்களைவிடக் குழந்தையின் உடல் நாலைந்து மடங்கு அதிகமாக உறிஞ்சிக்கொள்ளும். ரத்தசோகை, மலச்சிக்கல், வயிற்றுவலி வரலாம். பல குழந்தைகளுக்கு வெளியே ஒன்றுமே தெரியாது. படிப்பிலும் கவனத்திலும் பின்தங்கும்போதுதான் தெரியும். மூளைக்கு வந்த பாதிப்பைத் திருப்ப முடியாது. இவ்வளவு வரை பரவாயில்லை என்று சொல்லக்கூடிய அளவே இல்லை என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

சரி, என்னதான் செய்வது?

முதலில், மறைவான ஓர் இடத்தில் ஸ்பிரிட் நனைத்த பஞ்சால் தேய்த்துப் பாருங்கள். பூச்சு பிசுபிசுத்து, பழுப்பாகப் பஞ்சில் வந்தால் அது அரக்குப் பாலிஷ். அடியிலும் மரம்தான், பெயின்ட் இல்லை என்றால் கவலை வேண்டாம், தாராளமாகப் புதுப்பிக்கலாம். ஈரத்துணியால் துடைத்து, உலர்ந்தபின் லேசாக உப்புத்தாள் போட்டு, மறுபடி அரக்குப் பாலிஷே போடச் சொல்லுங்கள். மாத்திரைகளுக்கு மேல் பூசுவதும் இதே அரக்குதான். ஸ்பிரிட் வாசனை முழுக்கப் போனபிறகு குழந்தையைப் போடுங்கள்.

இரண்டாவது, பெயின்ட் இருக்கிறது, ஆனால் உதிரவில்லை. பீரோ, அலமாரி என்றால் சுரண்டாமல் அதன் மேலேயே புதுப் பெயின்ட் அடிக்கலாம். டப்பாவில் காரீய அளவு போட்டிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். தொட்டிலுக்கு இது ஆகாது. பிள்ளை கடிக்கும்போது மேல் பூச்சோடு கீழ்ப் பூச்சும் சேர்ந்துதான் வரும்.

மூன்றாவது, பெயின்ட் செதில் செதிலாக உதிர்கிறது. இதை வீட்டில் வைத்து உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பதும், நெருப்பு காட்டி உரிப்பதும் கூடவே கூடாது. அந்தத் தூசும் புகையும்தான் பெரிய ஆபத்து. கர்ப்பிணியும் சின்னக் குழந்தைகளும் பக்கத்திலேயே வரக்கூடாது. தச்சரிடம் கொடுத்தாலும் விஷயத்தைச் சொல்லிக் கொடுங்கள். வெட்டவெளியில், தண்ணீர் நனைத்துத் தேய்த்து, மூக்கை மூடிக்கொண்டு வேலை செய்யட்டும். உடுப்பில் ஒட்டிய தூசு அவர் வீட்டுப் பிள்ளைக்கும் போகும் அல்லவா? உங்கள் வீட்டில் ஏற்கெனவே உதிர்ந்திருந்தால் துடைப்பத்தால் பெருக்காதீர்கள், ஈரத்துணியால் துடைத்தெடுங்கள்.

குழந்தை பெயின்டைக் கடித்துவிட்டதா? கஷாயம் போட்டுச் சமாளிக்கலாம் என்று இருக்காதீர்கள். சித்த வைத்தியன் நானே சொல்கிறேன்: குழந்தை மருத்துவரிடம் காட்டி, ரத்தத்தில் காரீய அளவைப் பாருங்கள். சுண்ணாம்புச் சத்தும் இரும்புச் சத்தும் குறைந்த உடம்பு காரீயத்தை அதிகம் பிடித்துக்கொள்ளும். அதனால் திட உணவு தொடங்கிய பிள்ளைக்குக் கேழ்வரகுக் கூழ், பருப்போடு மசித்த முருங்கைக்கீரை என்று பழக்குங்கள். இது துணைதானே தவிர, சிகிச்சை ஆகாது.

பெயின்ட் அடித்த தொட்டிலை விடவும் மனசில்லை, சுத்தமாக உரிக்க ஆளும் இல்லை என்றால், பிள்ளைக்கு அது வேண்டாம். பாட்டியின் பழைய நூல் புடவை ஒன்று பெட்டியில் இருக்கும். துவைத்து, உறுதியாகத் தூளி கட்டி, பக்கத்தில் ஆள் இருந்து ஆட்டுங்கள். மூணு தலைமுறை வாசனை அதிலும்தான் இருக்கிறது.