கடல் ஈஸ்ட்டுகளும் சத்துகளின் கிடைப்பும்

கடல் ஈஸ்ட்டுகள் என்பவை கடல்நீர், கடலடிச் சேறு, பாசிகள், மீன் மற்றும் இறாலின் குடல், அலையாத்தி மரங்களின் உதிர்ந்த இலைகள் முதலிய இடங்களில் வாழும் ஒருசெல் பூஞ்சைகள் ஆகும். ஈஸ்ட் தமிழில் மதுவம் என்றும் வழங்கப்படுகிறது. கடலில் கார்பன், நைட்ரஜன், பாஸ்பரஸ், இரும்பு ஆகிய சத்துகள் கிடைக்கும் அளவு இடத்துக்கு இடமும் பருவத்துக்குப் பருவமும் மாறுகிறது. அந்த மாற்றத்துக்கு ஏற்ப ஈஸ்ட் செல்கள் தம் வளர்ச்சியையும் சேமிப்பையும் மாற்றிக்கொள்கின்றன. எண்ணெய்க் கசிவால் கெட்ட கடற்கரையைத் தூய்மையாக்குவது, இறால் பண்ணைக்குத் தீவனம் செய்வது ஆகிய இரண்டுக்கும் இந்த அறிவு பயன்படுகிறது.

வரலாறு

கடல்நீரிலிருந்து ஈஸ்ட்டுகளை முதலில் பிரித்தெடுத்தவர் பிஷ்ஷர் என்னும் ஜெர்மானிய அறிஞர். 1894இல் வெளியான அவரது ஆய்வு அட்லாண்டிக் கடல்நீரைப் பற்றியது. இந்தியக் கடற்கரையை ஒட்டிய ஈஸ்ட்டுகளைப் பற்றி பட், கச்வாலா ஆகியோரின் கட்டுரை 1955இல் வெளிவந்தது. இந்தியப் பெருங்கடலில் ஈஸ்ட்டுகள் பரவியிருக்கும் விதத்தை ஃபெல் என்னும் அமெரிக்க அறிஞர் 1967இல் விளக்கினார். கடலூர் மாவட்டம் பரங்கிப்பேட்டையில் வெள்ளாறு கடலில் கலக்கும் இடத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் உயராய்வு மையம் உள்ளது. கழிமுக நுண்ணுயிர்கள் பற்றிய ஆய்வுகள் இங்கு நெடுங்காலமாக நடைபெற்று வருகின்றன.

நீர்த்த உணவு

பனை மரத்திலிருந்து இறக்கும் பதநீர் ஒரு லிட்டரில் சுமார் 100 கிராம் சர்க்கரை இருக்கும். அதனால்தான் சுண்ணாம்பு தடவாத கலயத்தில் ஈஸ்ட்டுகள் சில மணி நேரத்திலேயே பெருகி அதைக் கள்ளாக்கிவிடுகின்றன. கடல்நீரின் நிலை இதற்கு நேர்மாறானது. திறந்த கடலில் ஒரு லிட்டர் நீரில் உள்ள குளுக்கோசை மைக்ரோகிராமில்தான் அளக்க முடியும். ஒரு மைக்ரோகிராம் என்பது ஒரு கிராமில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு.

இவ்வளவு நீர்த்த உணவில் பாக்டீரியாக்களுக்கே வாய்ப்பு அதிகம். அவற்றின் உடல் மிகச் சிறியது. உடல் சிறிதாகச் சிறிதாக, கன அளவோடு ஒப்பிடும்போது உணவை உறிஞ்சும் மேற்பரப்பு கூடுகிறது. ஈஸ்ட் செல் பாக்டீரியாவைவிடப் பல மடங்கு பெரியது. கடல்நீர் ஒரு லிட்டரில் பாக்டீரியாக்கள் கோடிக்கணக்கில் இருக்கும்போது, ஈஸ்ட் செல்கள் திறந்த கடலில் ஏறத்தாழ பத்து அல்லது அதற்கும் குறைவாகவும், கரையோரத்தில் சில நூறு முதல் சில ஆயிரம் வரையும் காணப்படுகின்றன. உணவு செறிந்து கிடைக்கும் இடங்களான பாசிப் பெருக்கம், அழுகும் இலை, விலங்குகளின் குடல் ஆகியவற்றில் அவை கூடுதலாக வாழ்கின்றன.

ஆறுகள் கொண்டுவரும் சத்து

விழுப்புரம் மாவட்டத்தில் மேல்மலையனூருக்கு அருகிலுள்ள செஞ்சி மலைப்பகுதியில் தோன்றும் சங்கராபரணி ஆறு, வீடூர் அணையைக் கடந்து புதுச்சேரி அருகே வங்கக்கடலில் கலக்கிறது. வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் இத்தகைய ஆறுகள் வயலில் இட்ட உரத்தின் ஒரு பகுதியையும், மக்கிய தழைகளையும், ஊர்க் கழிவுகளையும் கழிமுகத்துக்குக் கொண்டு சேர்க்கின்றன. ஆகவே கடலை நேரில் காணாத ஊர்களும் கடல் நுண்ணுயிர்களின் உணவைத் தீர்மானிப்பதில் பங்கு பெறுகின்றன.

வங்கக்கடலில் ஆற்று நீரும் மழை நீரும் உப்பு குறைந்த மேலடுக்காகப் பரவி நிற்கின்றன. இதனால் அடியிலுள்ள சத்து நிறைந்த நீர் மேலே எழுவது தடைப்படுகிறது. அரபிக்கடலில் தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் அடிநீர் மேலெழுந்து மேற்பரப்புக்குச் சத்தூட்டுகிறது.

செல்லுக்குள் நடப்பவை

ஈஸ்ட் செல் சத்துகளை உணரும் முறை பெரும்பாலும் ரொட்டி ஈஸ்ட்டைக் கொண்டே அறியப்பட்டது. அதன் அடிப்படைகள் பிற ஈஸ்ட்டுகளிலும் காணப்படுகின்றன.

கார்பன்: சர்க்கரை குறையும்போது, மிகக் குறைந்த செறிவிலும் அதைப் பற்றி உள்ளே இழுக்கும் புரதங்களைச் செல் தன் சவ்வில் அமைக்கிறது. மேலும் குறைந்தால் வளர்ச்சியை நிறுத்தி, கிளைக்கோஜன், டிரிஹாலோஸ் ஆகிய சேமிப்புகளைக் கொண்டு பிழைத்திருக்கிறது.

நைட்ரஜன்: உழவர்கள் தழைச்சத்து என்பது இதுவே. அம்மோனியம் போன்ற எளிய வடிவம் கிடைக்கும்வரை மற்றவற்றைப் பயன்படுத்தும் மரபணுக்கள் அடங்கியிருக்கும். அது தீர்ந்ததும் அமினோ அமிலம், யூரியா போன்றவற்றை எடுக்கும் வழிகள் திறக்கின்றன. நைட்ரேட்டை எல்லா ஈஸ்ட்டுகளாலும் பயன்படுத்த முடியாது. ரோடோட்டோருலா குளூட்டினிஸ் என்னும் இனம் அதைப் பயன்படுத்தும். ரொட்டி ஈஸ்ட்டால் இயலாது.

கார்பன் மிகுந்து நைட்ரஜன் மட்டும் தீர்ந்துவிட்டால், புதுப் புரதம் செய்ய வழியில்லை. அப்போது சில ஈஸ்ட்டுகள் மிஞ்சிய கார்பனைக் கொழுப்பாக மாற்றிச் சேமிக்கின்றன. உலர் எடையில் 20 சதவீதத்துக்கு மேல் கொழுப்பு சேர்ப்பவை எண்ணெய் ஈஸ்ட்டுகள் எனப்படுகின்றன.

பாஸ்பரஸ்: இது மணிச்சத்து. தட்டுப்பாடு வந்தால் ஈஸ்ட்டுகள் பாஸ்ஃபட்டேஸ் என்னும் நொதியை வெளியே சுரந்து, கரிமப் பொருள்களில் பிணைந்துள்ள பாஸ்பேட்டைப் பிரித்தெடுக்கின்றன. மிகுதியாகக் கிடைக்கும் காலத்தில் பாலிபாஸ்பேட் என்னும் நீண்ட சங்கிலியாகச் செல்லின் நுண்குமிழில் சேமித்து வைக்கின்றன.

இரும்பு: திறந்த கடலில் கரைந்த இரும்பு மிக அரிது. ரோடோட்டோருலா வகை ஈஸ்ட்டுகள் ரோடோட்டோருலிக் அமிலத்தை வெளியிட்டு இரும்பைப் பற்றிக்கொள்கின்றன.

இவற்றோடு உப்பின் சுமையும் உண்டு. செல்லிலிருந்து நீர் வெளியேறாமல் காக்க, டெபரியோமைசிஸ் ஹான்செனியை போன்ற ஈஸ்ட்டுகள் கிளிசராலை உற்பத்தி செய்து உள்ளே தேக்குகின்றன. கிளிசரால் செய்யவும் கார்பன் தேவை. எனவே உணவின் ஒரு பகுதி வளர்ச்சிக்குச் செல்லாமல் உப்பைச் சமாளிப்பதற்கே செலவாகிறது.

எண்ணெய்க் கசிவும் சத்துத் தட்டுப்பாடும்

2017 ஜனவரி 28 அன்று எண்ணூர் காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே இரு கப்பல்கள் மோதிக்கொண்டதில் எரிஎண்ணெய் கடலில் கொட்டியது. கரையொதுங்கிய பிசுபிசுப்பான எண்ணெயைப் பணியாளர்களும் தன்னார்வலர்களும் வாளிகளால் அள்ளினர். மீனவர்களின் பிழைப்பு பாதிக்கப்பட்டது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தின்போதும் எண்ணூர் கழிமுகத்தில் எண்ணெய் படர்ந்தது.

வாளிக்கு அகப்படாமல் எஞ்சும் எண்ணெயைச் சிதைப்பதில் நுண்ணுயிர்களுக்கே பெரும்பங்கு உண்டு. அவற்றில் பாக்டீரியாக்கள் முதன்மையானவை. சில ஈஸ்ட்டுகளும் இதில் சேர்கின்றன. யாரோவியா லிப்போலிட்டிகா என்னும் ஈஸ்ட் எண்ணெயில் உள்ள ஆல்கேன்களைக் கொழுப்பு அமிலங்களாக மாற்றி உணவாக்கிக்கொள்கிறது. மும்பை அருகே எண்ணெயால் மாசுபட்ட கடல்நீரிலிருந்து பிரித்தெடுக்கப்பட்ட இதன் ஒரு வகை, புனே தேசிய வேதியியல் ஆய்வகத்தின் நுண்ணுயிர்ச் சேகரிப்பில் 3589 என்ற எண்ணுடன் பாதுகாக்கப்படுகிறது.

கச்சா எண்ணெயில் பெரும்பகுதி கார்பனும் ஹைட்ரஜனுமே. எனவே எண்ணெய் படர்ந்த இடத்தில் ஈஸ்ட்டுக்குக் கார்பன் அளவின்றிக் கிடைக்கிறது. நைட்ரஜனும் பாஸ்பரசும் விரைவில் தீர்ந்துவிடுகின்றன. குழம்பு நிறைய இருந்தும் சோறு இல்லாத பந்தியைப் போன்றது இந்நிலை. எண்ணெயைத் தின்னும் உயிர்கள் இருந்தும் வேலை மந்தமாவதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

இக்குறையைப் போக்க உரமிடும் முறை கையாளப்படுகிறது. 1989இல் எக்சான் வால்டீஸ் கப்பலிலிருந்து எண்ணெய் கொட்டியபோது அலாஸ்காவின் கடற்கரைகளில் நைட்ரஜன், பாஸ்பரஸ் உரங்கள் இடப்பட்டன. ஆனால் அளவு மீறினால் பாசிகள் பெருகி, அவை மடிந்து அழுகும்போது நீரிலுள்ள ஆக்சிஜன் குறைந்து மீன்கள் சாக நேரும். ஏற்கெனவே கழிவுநீரால் சத்து மிகுந்துள்ள கழிமுகங்களில் உரம் இடுவது பயனற்றதாகவும் அமையலாம். ஆகவே நீரிலுள்ள சத்துகளை முதலில் அளந்தறிவது அவசியம்.

பிற பயன்கள்

கடல் ஈஸ்ட்டுகளின் செல்சுவரில் உள்ள பீட்டா குளுக்கான் இறாலின் நோய் எதிர்ப்புத் திறனைத் தூண்டுகிறது. கொச்சி அறிவியல் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் கடல் ஈஸ்ட்டுகளை இறால் தீவனமாக்கும் ஆய்வுகள் நடந்துள்ளன. இங்கும் சத்துகளின் விகிதமே விளைவை முடிவுசெய்கிறது. நைட்ரஜன் போதிய அளவு இருந்தால் புரதம் மிகுந்த ஈஸ்ட் கிடைக்கும். எண்ணெய் ஈஸ்ட்டுகளில் அதைக் குறைத்தால் கொழுப்பு மிகும்.