லாகின் ஆகிறது, ஃபைல் போகவில்லை

அலுவலகக் கணினியிலிருந்து வெளியே உள்ள சர்வருக்கு எஃப்.டி.பி. வழியாக ஃபைல் அனுப்பும்போது ஒரு சிக்கல் அடிக்கடி தலைகாட்டும். பயனர் பெயரும் கடவுச்சொல்லும் ஏற்கப்படும். ஆனால் சர்வரில் என்னென்ன ஃபைல்கள் இருக்கின்றன என்ற பட்டியல் மட்டும் வராது. திரை அப்படியே நிற்கும், கொஞ்ச நேரத்தில் ‘டைம் அவுட்’ என்று முடிந்துவிடும். கடவுச்சொல்லை மாற்றினாலும் மென்பொருளை அழித்து மறுபடி நிறுவினாலும் இது தீராது. எஃப்.டி.பி.க்கு இரண்டு இணைப்புகள் வேண்டும். நிறுவனத்தின் ஃபயர்வால் ஒன்றை விட்டுவிட்டு மற்றதை மறிக்கிறது.

இந்த நெறிமுறையை 1971இல் முதலில் எழுதியவர் அபய் பூஷண், கான்பூர் ஐ.ஐ.டி.யில் படித்து எம்.ஐ.டி.க்குச் சென்றவர். இன்றும் அடிப்படையாக இருக்கும் வடிவம் 1985இல் வந்தது. அலுவலக வாசல்தோறும் ஃபயர்வால் நிற்கும் காலம் அப்போது வந்திருக்கவில்லை.

கட்டளைகள் போர்ட் 21 வழியாகப் போகின்றன. பட்டியலும் ஃபைலும் வருவதற்குத் தனியாக இன்னொரு இணைப்பு திறக்க வேண்டும். ‘ஆக்டிவ்’ முறையில் அதைத் திறப்பது சர்வர்தான்: “இந்த எண்ணுக்கு நீங்களே கூப்பிடுங்கள்” என்று சொல்லிவிட்டுக் காத்திருப்பதுபோலக் கணினி காத்திருக்கும். வெளியிலிருந்து தானாக வரும் இணைப்பை ஃபயர்வால் உள்ளே விடாது. ‘பாசிவ்’ முறையில் இரண்டாவது இணைப்பையும் கணினியே தொடங்குவதால் பெரும்பாலும் சிக்கல் தீர்ந்துவிடும். எனவே முதலில் பார்க்க வேண்டியது மென்பொருளின் இந்த அமைப்பைத்தான். விண்டோஸுடன் வரும் எஃப்.டி.பி. கட்டளை ஆக்டிவ் முறையில்தான் இயங்கும். அதை விட்டுவிட்டு ஃபைல்ஜில்லா போன்ற ஒன்றில் சோதிப்பது நல்லது.

பாசிவ் முறையிலும் நின்றுபோனால், மென்பொருளின் பதிவில் 227 என்று தொடங்கும் வரியைப் படிக்க வேண்டும். பாதி விடை அதிலேயே இருக்கிறது. 192,168,1,10,195,80 என்று அதில் ஆறு எண்கள் வருவதாகக் கொள்வோம். முதல் நான்கும் சர்வரின் ஐ.பி. முகவரி. ஐந்தாவதை 256ஆல் பெருக்கி ஆறாவதைக் கூட்டினால் போர்ட் எண் கிடைக்கும், இங்கே 50000. 192.168 என்று தொடங்குவது உள் வலையமைப்புக்கான முகவரி, வெளியிலிருந்து அதை எட்டவே முடியாது. அப்படியானால் தவறு சர்வர் பக்கம். தன் பொது முகவரியைச் சொல்லும்படி அதை அங்கேதான் திருத்த வேண்டும். முகவரி சரியாக இருந்து இணைப்பு மட்டும் கிடைக்கவில்லை என்றால், அந்த போர்ட்டை இரு பக்கத்து ஃபயர்வால்களில் ஒன்று மறிக்கிறது. சர்வர் பயன்படுத்தும் பாசிவ் போர்ட்களை 50000 முதல் 50100 வரை என்பதுபோல ஒரு சிறு வரம்புக்குள் வைத்து, அதை மட்டும் திறந்தால் போதும்.

மற்ற எண்களும் பேசும். 530 என்றால் லாகினில் கோளாறு, 550 என்றால் பெரும்பாலும் ஃபைல் இல்லை அல்லது அதைத் தொட அனுமதி இல்லை. இவை இரண்டுக்கும் ஃபயர்வாலைக் குறை சொல்வது நியாயமில்லை. 425 வந்தால் இரண்டாவது இணைப்பு திறக்கவில்லை என்று பொருள்.

குழப்பம் கூடுவது, எஃப்.டி.பி.யின் மறையாக்க வடிவமான எஃப்.டி.பி.எஸ்.ஸில். சாதாரண எஃப்.டி.பி.யில் பல ஃபயர்வால்கள் கட்டளைகளைத் தாமே படித்து, தேவைப்படும் போர்ட்டை அந்த நேரத்துக்கு மட்டும் திறந்துவிடும். எஃப்.டி.பி.எஸ். அந்தப் பேச்சை மறையாக்கம் செய்துவிடுவதால் ஃபயர்வாலுக்கு ஒன்றும் தெரியாது. நேற்றுவரை ஓடியது பாதுகாப்பைக் கூட்டிய அன்றே நிற்பதற்குக் காரணம் இதுவாக இருக்கலாம்.

பெரிய ஃபைல்களில் வேறொரு தொல்லை உண்டு. ஃபைல் முழுதாகப் போய்விடும், ஆனால் முடிந்ததற்கான 226 வராது. ஃபைல் போய்க்கொண்டிருந்த நேரமெல்லாம் கட்டளை இணைப்பு சும்மா இருந்ததால், ஃபயர்வால் அதைத் துண்டித்திருக்கும்.

புதிதாக ஏற்பாடு செய்பவர்கள் எஸ்.எஃப்.டி.பி.யைத் தேர்ந்தெடுப்பதே மேல். பெயர் ஒத்திருந்தாலும் அது வேறு நெறிமுறை. கட்டளையும் ஃபைலும் போர்ட் 22இல் ஒரே இணைப்பில், மறையாக்கத்தோடு போகும். சாதாரண எஃப்.டி.பி.யில் கடவுச்சொல்கூட வெளிப்படையாகவே போகிறது.

நிறுவனமே தெரிந்து தடுத்திருந்தால் சொந்த மொபைல் ஹாட்ஸ்பாட் வழியாகச் சுற்றிப் போகக் கூடாது. நெட்வொர்க் நிர்வாகிக்கு “வேலை செய்யவில்லை” என்று மட்டும் எழுதுவதால் பயனில்லை. முயன்ற நேரம், இரு பக்கத்து ஐ.பி. முகவரிகள், போர்ட் எண், கடைசியாக வந்த பதில் வரி ஆகியவற்றை அனுப்பினால், ஃபயர்வாலின் பதிவில் அந்தத் தடை எங்கே விழுந்தது என்று அவரால் தேடிப் பார்க்க முடியும்.